கொஞ்சமாக ஜெயித்தால் போதும்

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் திடலில் ஞாயிறு மாலைகளில் காற்பந்துப் போட்டி நடக்கும். பெரிய போட்டி ஒன்றுமில்லை. எங்கள் தீவிலிருந்து சில குழுக்கள், கடலுக்கு அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாஸ், சிம்பாங் அம்பாட் பகுதிகளிலிருந்து சில குழுக்கள். விளையாடுகிறவர்கள் தொழிற்சாலை ஆட்கள், லாரி ஓட்டுகிறவர்கள், ஓரிரு பள்ளி ஆசிரியர்கள். என் அண்ணன் எங்கள் குழுவின் கோல் காவலன், குழுத்தலைவனும் அவன்தான். வார நாட்களில் பாலத்தைக் கடந்து மாக் மண்டினில் ஒரு மோட்டார் பட்டறைக்கு வேலைக்குப் போகிறான். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் பொறியாளர். திங்கள் முதல் வெள்ளி வரை மின்னணுச் சில்லுகளை அளப்பேன். ஞாயிறன்று கோட்டுக்கு வெளியே ஒரு மடக்கு மேசை போட்டு, யார் எப்போது கோல் அடித்தார்கள், யாருக்கு மஞ்சள் அட்டை என்று எழுதுவேன். என்னை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. எதையும் வரிசையாக எழுதி வைத்தால்தான் எனக்கு மனம் அடங்கும்.

அந்தப் போட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு குழுவும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். ஜெயித்தவர்கள் வாங்கித் தரவேண்டும். தோற்றவர்கள் வெறும் பூஜ்யத்தோடு வந்து சாப்பிட உட்காரக்கூடாது என்று யாரோ எப்போதோ நினைத்திருக்க வேண்டும். ஒரு குழு நான்கு, ஐந்து கோல் முன்னால் இருந்து, எதிர்க்குழு ஒன்றுகூட அடிக்கவில்லை என்றால், கடைசி நிமிடங்களில் முன்னால் இருக்கும் குழுவின் கோல் காவலன் ஒரு பந்தை விட்டுவிடுவான். அப்பட்டமாக விடக்கூடாது. பாயவேண்டும், ஆனால் ஒரு நொடி பிந்திப் பாயவேண்டும். அடித்தவனுக்கும் தெரியும், விட்டவனுக்கும் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும். எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தக் கோலுக்குப் பெயர் கஞ்சி. தாமதமாக வருகிறவர்கள் என் மேசைப் பக்கம் வந்து, "என்ன, கஞ்சி ஊத்தியாச்சா?" என்று கேட்பார்கள். அண்ணன் கஞ்சி ஊற்றுவதில் கெட்டிக்காரன். அவன் பாய்ந்து விழும்போது பந்து விரலுக்கு ஒரு சாண் தள்ளிப் போகும். தெரியாதவர்கள் பார்த்தால் ஐயோ என்பார்கள்.

அந்த மனிதர் எந்த ஞாயிறிலிருந்து வர ஆரம்பித்தார் என்று எனக்கு நினைவில்லை. ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெளிர்நிறச் சட்டை, வெயிலிலும் கசங்காது. திடலோரம் கரும்புச் சாறு விற்பவரிடம் நாலைந்து பேருக்கு வாங்கிக் கொடுப்பார், தான் குடிக்கமாட்டார். ஒரு நாள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கெப்பாலா பத்தாஸ் குழுவோடு ஆட்டம். நாங்கள் இரண்டு கோல் முன்னால்.

"தங்கச்சி, ரெண்டாவது அடிச்சது எட்டாம் நம்பர்தானே?"

"ஆமாண்ணே. நீங்க எந்தக் குழுவுக்கு வந்திருக்கீங்க?"

"எனக்குக் குழுலாம் இல்ல. வித்தியாசம்தான்."

எனக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்கும். அவர் பொறுமையாகச் சொன்னார். பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவரைப் போன்ற குரல்.

"யாரு ஜெயிப்பாங்கன்னு காசு கட்டுறது பழைய ஆட்டம் லா. அதுல என்னா இருக்கு? நான் ஒரு நம்பர் சொல்லுவேன். இன்னிக்கு மூணு. உங்க குழு மூணு கோல் வித்தியாசத்துக்கு மேல ஜெயிச்சா, மேல போற ஒவ்வொரு கோலுக்கும் எங்கிட்ட கட்டுனவனுக்கு நான் எரநூறு வெள்ளி குடுக்கணும். மூணுக்குக் கீழ எறங்குனா, எறங்குற ஒவ்வொரு கோலுக்கும் அவன் எனக்கு எரநூறு குடுக்கணும்."

"அஞ்சு கோல் வித்தியாசம்னா நீங்க ஆளுக்கு நானூறு குடுக்கணும்."

"படிச்ச புள்ள. டப்புன்னு புடிச்சிட்டீங்க."

"எங்க குழு தோத்துட்டா?"

"அப்ப அது பாட்டுக்கு எறங்கிக்கிட்டே போகும்," என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைவிட அந்தக் கணக்குதான் என்னை உறுத்தியது. என் வேலையில் எந்த அளவுக்கும் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு உண்டு. கோட்டைத் தாண்டினால் இயந்திரம் நின்றுவிடும். இவருடைய கணக்கில் கோடே இல்லை. காசு கட்டியவன் எவ்வளவு இழப்பான் என்பது கடைசி விசில் ஊதும் வரை அவனுக்கும் தெரியாது. இன்னொன்றும் இருந்தது. மற்றவர்களுக்கு ஐந்துக்குப் பூஜ்யம் என்றால் ஆட்டம் முடிந்த மாதிரி. குழந்தைகள் தண்ணீர் பாட்டில்களை எடுத்துவைக்க ஆரம்பிப்பார்கள். இவருக்கு ஆட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. எல்லோரும் தளர்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் அந்தக் கடைசி நிமிடங்கள் அவருடையவை. எங்கள் கஞ்சி நேரமும் அதுதான்.

அன்றைக்கு ஐந்துக்குப் பூஜ்யம் ஆனது. வழக்கம்போல் அண்ணன் கஞ்சி ஊற்றினான். கெப்பாலா பத்தாஸ் ஆட்டக்காரர் ஒருவர், தொப்பையும் தாடியுமாக, அடித்துவிட்டு அண்ணனுக்கு ஒரு சலாம் வைத்தார். திடலே சிரித்தது. ஐந்துக்கு ஒன்று என்று எழுதிவிட்டு நிமிர்ந்தபோது வெளிர்நிறச் சட்டைக்காரர் சிரிக்காமல் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் ஒரு பொருளைக் கையில் எடுத்து எடை பார்க்கிறவர்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி. ஒரு கோலில் அவருக்கு ஆளுக்கு இருநூறு வெள்ளி மிச்சம். எத்தனை ஆட்கள் என்று எனக்குத் தெரியாது.

சாப்பிடும் இடத்துக்கு வந்து அண்ணன் தோளில் கை வைத்தார்.

"கடைசியில ரொம்ப அழகா விட்டீங்க தம்பி. நெசமா தாண்டுன மாதிரியே இருந்துச்சு."

"அது கஞ்சிண்ணே. இங்க எல்லாரும் செய்றதுதான்," என்றான் அண்ணன், வாயில் சோற்றோடு.

"தெரியும், தெரியும். ஆனா எல்லாருக்கும் அது வராது."

அடுத்த ஞாயிறு அண்ணனுக்குப் புதுக் கையுறை வந்தது. பெட்டியோடு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அண்ணனின் பழைய கையுறை இன்சுலேஷன் டேப்பால் ஒட்டியது. புதியதைப் போட்டுக்கொண்டு விரல்களை விரித்து விரித்துப் பார்த்தான். எங்கள் குழுவில் கோலுக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர், வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், அவனைச் சுற்றி வந்து சொன்னார்:

"ஆஹா, கேப்டனுக்கு ரசிகர் மன்றம் தொறந்துட்டாங்க லா. கட் அவுட் எப்ப வைப்பாங்க?"

"உனக்கு வயித்தெரிச்சல்."

"எரிச்சல்லாம் இல்ல. எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வேணும்னு சொல்லி வையி. சைஸ் பத்து."

பிறகு ஒரு நாள் ஆட்டம் முடிந்து, நாங்கள் பதினைந்து இருபது பேர் கடையில் நாசி கண்டார் சோறு சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்கப் போனால், கல்லாவில் இருந்தவர் கையை ஆட்டினார். கொடுத்தாயிற்று என்றார். யார் என்று கேட்டால் தெரியாது என்றார். பேருந்துக்காரர் ஒரு கோழி கூடுதலாகச் சாப்பிட்டிருக்கலாமே என்று வருத்தப்பட்டார். அண்ணனும் சிரித்தான். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

மூன்றாவதாக வந்தது டயர்.

அண்ணனின் மோட்டார் சைக்கிள் பின்சக்கர டயர் மொட்டையாகிவிட்டிருந்தது. ஊரார் வண்டியையெல்லாம் பழுது பார்க்கிறவன் தன் வண்டியை மட்டும் விட்டுவிடுவான். பட்டறை வழியில் வாங்கிக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் எத்தனை முறை சொல்லியிருப்பான் என்று தெரியாது. அந்த ஞாயிறு ஆட்டம் முடிந்து மரத்தடியில் நிறுத்தியிருந்த வண்டியிடம் போனபோது பின்சக்கரத்தில் புது டயர் இருந்தது. பழையதைப் பிளாஸ்டிக் கயிற்றால் நேர்த்தியாக இருக்கையின்மேல் கட்டி வைத்திருந்தார்கள். சாவி அண்ணன் பையில்தான் இருந்தது. பை என் மேசைக்கு அடியில்தான் இருந்தது.

அண்ணன் குந்தி உட்கார்ந்து பார்த்தான். சங்கிலியை ஒரு விரலால் மேலும் கீழும் அசைத்தான். நட்டுகளைத் தடவினான்.

"தொழில் தெரிஞ்சவன் செஞ்சிருக்கான். சங்கிலிகூட சரியா இழுத்து வச்சிருக்கான்."

"யாருண்ணே?"

நான் திடலின் மறுகோடியைப் பார்த்தேன். வெளிர்நிறச் சட்டை கரும்புச் சாற்று வண்டிக்குப் பக்கத்தில் நின்று, எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தியது. நான் கோல்களை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், யாரோ நிதானமாக அந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். சக்கரத்தை மாட்டத் தெரிந்தவனுக்கு மாட்டாமல் விடவும் தெரியும். அன்றைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தோம்.

அதே வாரம் அவர் பட்டறைக்கே போய் அண்ணனைப் பார்த்திருக்கிறார். எண்ணெய் மாற்றக் கார் கொண்டுவந்தவரைப் போல் காடியை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று பேசியிருக்கிறார். அண்ணன் அதை அப்படியே எனக்குச் சொன்னான். சமையலறையில், அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில்.

"வர்ற ஞாயிறு சிம்பாங் அம்பாட்டோட ஆட்டம். அந்தக் குழு லேசு, நாம ஆறு ஏழு கூட அடிப்போம்னு எல்லாரும் கட்டுறாங்களாம். நாலுன்னு நம்பர் வச்சிருக்காராம். நாலுக்குள்ள முடியணுமாம்."

"தோக்கணுமா?"

"அதான் இல்ல. 'தோக்கச் சொல்லலையே தம்பி. ஜெயிங்க. கொஞ்சமா ஜெயிங்க. அது போதும். எப்பவும் செய்றதுதானே'ன்னு சொல்றாரு."

"நீ என்ன சொன்ன?"

"அண்ணே, அது வேற, இது வேறன்னேன். சிரிக்கிறாரு. 'ரெண்டும் ஒரே பந்துதான் தம்பி'ன்னு சொல்றாரு."

நான் வழக்கம்போல் மனத்துக்குள் கட்டம் போட்டுப் பார்த்தேன். அண்ணன் விளையாடாமல் இருந்துவிட்டால், கடைசி நேரத்தில் ஏமாற்றிவிட்டான் என்று அவர் நினைப்பார். விளையாடி, ஒரு பந்தும் விடாமல் இருந்து, ஆறு ஏழு கோலில் ஜெயித்தால் அவருடைய கை கடிக்கும். கடித்தது அண்ணன் என்பார். வழக்கப்படி கஞ்சி ஊற்றினால் அவர் சொன்னதைச் செய்தவன் ஆகிவிடுவான், பிறகு எல்லா ஞாயிறும் அவருடையது. மூன்று கட்டத்திலும் பச்சை நிறம் இல்லை. அண்ணன் எதைச் செய்தாலும் அதற்கு அர்த்தம் வைக்கிற உரிமை இப்போது வேறொருவரிடம் இருந்தது.

"போலீஸ்ல சொல்லிடலாம்."

"என்னன்னு சொல்லுவ? கையுறை வாங்கிக் குடுத்தாங்க, சாப்பாடு வாங்கிக் குடுத்தாங்க, டயர் மாத்திக் குடுத்தாங்க, வந்து புடிங்கன்னா?"

சிரிப்பு வந்தது எனக்கு. அவனுக்கும் வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

கடைசியில் வழி என்று அவனுக்குத் தோன்றியது ஒன்றுதான். கஞ்சியே கிடையாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது. சொல்லிவிட்டால் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுக்க முடியாதவனிடம் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. அந்த வழக்கத்தின் கதவை அடைத்துவிட்டால் அவர் உள்ளே வரும் வழி இல்லை என்று நினைத்தோம்.

ஞாயிறு வந்தது. கொடிமலைப் பக்கம் மதியத்திலிருந்தே கறுத்துக் கிடந்தது. ஆட்டத்துக்கு முன் இரண்டு குழுவும் நடுக்கோட்டில் கைகுலுக்க நின்றபோது அண்ணன் குரலை உயர்த்தினான். அவர் கோட்டோரம் நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டுதான் பேசினான்.

"ஒரு விஷயம். இன்னிக்கு எங்க பக்கம் கஞ்சி கிடையாது. இனிமே எப்பவும் கிடையாது. யாரும் தப்பா நெனைக்காதீங்க."

சிம்பாங் அம்பாட் குழுத்தலைவர் முகம் சுருங்கியது. அவர்கள் பாவம், அந்தப் பருவத்தில் அதுவரை ஓர் ஆட்டமும் ஜெயிக்கவில்லை.

"நாங்க கேட்டமா?" என்றார்.

"கேக்கலண்ணே. சும்மா சொன்னேன்."

"ஆட்டம் ஆரம்பிக்கல, அதுக்குள்ள நாங்க முட்டை வாங்கப் போறோம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

பேருந்துக்காரர் நடுவில் புகுந்தார். "அவனுக்கு இன்னிக்கு ராத்திரி வீட்டுல சோறு இல்ல, அந்தக் கோவம். விடுங்க லா." சிலர் சிரித்தார்கள். சிம்பாங் அம்பாட்காரர்கள் சிரிக்கவில்லை. வெளிர்நிறச் சட்டைக்காரர் ஒரு சின்னத் தலையசைப்புடன் கேட்டுக்கொண்டார், வானிலை அறிக்கை கேட்பவரைப் போல.

அன்று நான் மேசையைக் கோட்டோரம் போடவில்லை. மழைக்கு ஒதுங்க வசதியாக எங்கள் கோலுக்குப் பின்னால், எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூரை நீண்டிருந்த இடத்தில் போட்டுக்கொண்டேன். அதனால்தான் இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

நாலு கோல் அடித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு மூன்று போகும் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் மழை கொட்டியது. திடலில் தண்ணீர் நின்று பந்து உருளாமல் ஒட்டிக்கொண்டது. நாலுக்குப் பூஜ்யத்திலேயே நின்றது. அப்படியே முடிந்திருந்தால் யாருக்கும் லாபமில்லை, நட்டமில்லை. ஆட்டம் முடியப் போகும் நேரம். சிம்பாங் அம்பாட்டின் பதினோராம் எண், ஒல்லியாக, நெற்றியில் துணி கட்டியவர், இடது பக்கத்திலிருந்து முழு பலத்தோடு ஒரு பந்தை அடித்தார். அது நல்ல அடி. பேருந்துக்காரர் காலை நீட்டினார். முழங்காலில் பட்டுப் பந்து திசை மாறியது. அண்ணன் ஏற்கெனவே வலப்பக்கம் சாய்ந்துவிட்டிருந்தான். காற்றிலேயே உடலை முறுக்கித் திரும்பினான். அவனுடைய இடது கையின் நடுவிரல் பந்தில் பட்டு வளைந்ததை நான் பார்த்தேன். ஒரு சத்தமும் கேட்டது. பந்து கம்பத்தில் மோதி உள்ளே போனது.

பிறகு திடல் வெடித்துச் சிரித்தது.

"கஞ்சி இல்லன்னு சொல்லிட்டு பாயாசமே ஊத்திட்டான்டா!"

"என்னா நடிப்பு! என்னா நடிப்பு!"

கைதட்டினார்கள். எங்கள் குழுவே கைதட்டியது. பேருந்துக்காரர் அண்ணனைத் தூக்கிவிட வந்து, "மனசு கேக்கலையா கேப்டன்?" என்றார். பதினோராம் எண் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நான் அடிச்சது கோல்," என்றார். யாரும் கேட்கவில்லை. "டேய், அது கோல்டா. நெசமான கோல்."

அண்ணன் கையுறையைக் கழற்றினான். நடுவிரல் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. அவனும் பதினோராம் எண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது உண்மை என்று அறிந்தவர்கள் அந்தத் திடலில் மூன்றே பேர். அவர்கள் இருவரும், கோலுக்குப் பின்னால் நானும். நாலுக்கு ஒன்று. வித்தியாசம் மூன்று. வெளிர்நிறச் சட்டைக்காரர் சொன்ன எண்ணுக்குக் கீழே. கோட்டோரத்தில் அவர் அண்ணனை நோக்கிக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அன்று சிம்பாங் அம்பாட்காரர்கள் சாப்பிட உட்காரவில்லை. வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

விரல் எலும்பு விரிசல் விட்டிருந்தது. கட்டுப் போட்டார்கள். அந்த வாரத்திலேயே வெளிர்நிறச் சட்டைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார், ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு. அம்மா யாரோ பெரிய மனிதர் மகனை விசாரிக்க வந்திருக்கிறார் என்று நல்ல கோப்பையில் காப்பி கொடுத்தார். அவர் எங்கள் வீட்டில் காப்பியைக் குடித்தார். திடலில் எதையும் குடிக்காதவர் இங்கே கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, நல்ல காப்பி என்றார். அம்மா மகிழ்ந்து போய்ப் பலகாரம் எடுக்க உள்ளே போனார்.

அண்ணன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அண்ணே, ஒண்ணு சொல்லிடுறேன். நான் விடல. அது நெசமான கோல்."

"அதான் தம்பி அழகு. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கணும்."

"நெனைக்கிறது இல்லண்ணே," என்றேன் நான். "நான் கோலுக்குப் பின்னால உக்காந்திருந்தேன். விரல் பட்டுச்சு. விரல் பட்டுதான் உடஞ்சிருக்கு."

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "இருக்கட்டும் தங்கச்சி. விட்டா என்ன, விடலன்னா என்ன? எனக்கு வந்து சேர்றது நம்பர் மட்டும்தான். உங்க வேலையிலயும் அப்படித்தானே?"

நானும் அளவை மட்டும்தான் பார்க்கிறேன். அந்தச் சில்லு எப்படி அந்த அளவுக்கு வந்தது என்று கேட்பதில்லை. ஆனால் என் வேலை என்ன என்று இவருக்கு யார் சொன்னது என்பதுதான் அப்போது என் மனத்தில் ஓடியது.

எழுந்துகொள்ளும்போது அண்ணனின் கட்டுப் போட்ட கையை மெல்ல எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"உங்க பட்டறை மொதலாளி, தவ்கேகிட்ட சொல்லியிருக்கேன், கை ஆறுற வரைக்கும் லேசான வேல குடுப்பாரு. நல்ல மனுசன், நமக்கு ரொம்ப நாள் பழக்கம். ஆறட்டும் தம்பி. அவசரமே இல்ல."

கதவை மூடியபிறகு அம்மா பலகாரத் தட்டோடு வந்து, "அதுக்குள்ள போயிட்டாரா? எவ்ளோ தன்மையான மனுசன்!" என்றார். அண்ணன் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து, கடிக்காமல் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம், "ஸ்பேனர் புடிக்கத் தெரியுமா உனக்கு?" என்றான்.

கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில், நான் அந்தச் சக்கரத்தைக் கழற்றினேன். அவன் ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்லச் செய்தேன்.

"அந்தப் பக்கம் இல்ல. இடது. இடதுன்னா எதுன்னு தெரியுமா பொறியாளரம்மா?"

"பேசாம புடி."

"ரிம்ம கீறிடாத. இது என் பொண்டாட்டி மாதிரி."

"அதான் மொட்டையா விட்டு வச்சிருந்தியா?"

ரப்பரை விளிம்பிலிருந்து கிளப்புவதற்குள் என் உள்ளங்கை இரண்டும் கன்றிப் போயின. புது டயரைக் கழற்றி எடுத்து, பழைய மொட்டை டயரையே திரும்ப மாட்டினோம். சங்கிலியை அவன் ஒரு விரலால் அசைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்றான், இன்னும் கொஞ்சம் என்றான், பிறகு போதும் என்றான்.

ஞாயிறன்று டயரை நான் தூக்கிக்கொண்டேன். கையுறையை அவன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். ஆட்டம் தொடங்கியிருக்கவில்லை. எல்லோரும் இருந்தார்கள். கோல் கம்பத்தில் டயரைச் சாய்த்து வைத்து, அதன்மேல் கையுறையை வைத்தோம். பேருந்துக்காரர் ஏதோ வேடிக்கை சொல்ல வாயெடுத்து, அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அண்ணன் கோட்டோரம் போய் அவர் முன்னால் நின்றான்.

"அண்ணே, உங்க பொருள் அங்க இருக்கு. சாப்பாட்டுக் காசு எவ்ளோன்னு சொல்லுங்க, குடுத்துடுறேன். நான் இனிமே கோல்ல நிக்கமாட்டேன். எந்தக் குழுவுக்கும்."

அவர் கோபப்படவில்லை. கம்பத்தைப் பார்த்தார், மரத்தடியில் நின்ற வண்டியைப் பார்த்தார், கொடிமலைப் பக்கம் வானத்தைப் பார்த்தார்.

"பழசையே திரும்ப மாட்டிட்டீங்களா தம்பி? அதப் போட்டுக்கிட்டுப் பாலத்துல போகாதீங்க. மழைக்காலம்."

அவ்வளவுதான் சொன்னார். கரும்புச் சாற்று வண்டிப் பக்கம் நடந்தார்.

மறுநாள் அண்ணன் தன் காசில் ஒரு டயர் வாங்கினான். பட்டறையில் ஒருவனையும் தொடவிடாமல், கட்டுப் போட்ட கையோடு தானே நின்று மாட்டினான். தவ்கே அவனுக்கு லேசான வேலைதான் கொடுக்கிறார்.

போட்டி இப்போதும் நடக்கிறது. எங்கள் குழுவுக்கு வேறு காவலன் வந்துவிட்டான். யாரும் கஞ்சி ஊற்றுவதில்லை. ஏழுக்குப் பூஜ்யம் என்றால் ஏழுக்குப் பூஜ்யம்தான். ஒன்றாகச் சாப்பிடுவதும் நின்றுவிட்டது. யார் எந்தப் பந்தை ஏன் விட்டார்கள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நான் மேசை போடுவதில்லை. மாடியிலிருந்து பார்த்தால் தெரியும், கம்பத்துக்குப் பக்கத்தில் அந்த டயர் இன்னும் கிடக்கிறது. கையுறையை மறுவாரமே யாரோ எடுத்துக்கொண்டார்கள். டயரை யாரும் தொடவில்லை. திடலில் புல் வெட்டுகிறவர்கள்கூட அதைச் சுற்றித்தான் வெட்டுகிறார்கள். வெளிர்நிறச் சட்டை சில ஞாயிறுகளில் வருகிறது, சில ஞாயிறுகளில் வருவதில்லை. வராத ஞாயிறுகள்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன் காலையில் கிளம்புவதற்கு முன் வண்டியைச் சுற்றி வந்து பார்க்கிறான். நட்டு, சங்கிலி, பிரேக். விரல் கோணலாகத்தான் சேர்ந்திருக்கிறது. பட்டறைக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு சொல் அனுப்புவான்: "சேந்தாச்சு." அது வரும்வரை நான் கருவியை இயக்குவதில்லை. பக்கத்து மேசைப் பெண் கேட்டால், இயந்திரம் சூடேறட்டும் என்பேன்.

இன்று காலை மழை. பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை. சொல் வர நேரமானது. நான் கையுறை மாட்டி, கண்ணாடி மாட்டி, கருவிக்கு முன்னால் உட்கார்ந்து, திரையில் இருக்கும் மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்தது.

"பாலத்துல ஒரு காடி ரொம்ப நேரம் பின்னாலயே வந்துச்சு. ஒண்ணுமில்ல. சேந்தாச்சு."